‘போயிட்டு வரேன்’ என்றால் எப்போது?

என்னைப் பேசக் கூப்பிட்ட உங்கள் துறைத்தலைவர் போனை வைத்ததும் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். வெள்ளிக்கிழமை என்றார், முடியாது என்றேன். மத்தியானம் என்றார். சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும் பிள்ளைகள் தூங்குவார்கள், அதைப் பார்த்தால் எனக்கும் தூக்கம் வரும், அதனால் காலையில்தான் பேசுவேன் என்றேன். மேடைக்கு மேலே இருக்கிற ஃபேன் ஓடுமா என்று கேட்டேன். காபியைப் பேப்பர் கப்பில் கொடுக்கக் கூடாது என்றேன். ரிட்டையர் ஆகியும் இந்த அம்மாவுக்குத் திமிர் அடங்கவில்லையே என்று அவர் நினைத்திருந்தால் தப்பே இல்லை. திமிர்தான். ஆனால் அதில் ஒரு விஷயம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

கொடுத்த தலைப்பு, ‘பணியிட உளவியலில் ஆய்வு வாய்ப்புகள்’. வாய்ப்பு எங்கே இருக்கிறதென்று தெரிந்திருந்தால் நானே போய் எடுத்திருக்க மாட்டேனா? என் அனுபவத்தில் அது வாழைப்பழத் தோல் மாதிரி. வழுக்கி விழுந்த பிறகுதான் அங்கே கிடந்தது தெரியும். அப்படி நான் விழுந்ததைத்தான் சொல்லப் போகிறேன். வருகிறவர்களின் பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டேன். என் பெயரை மட்டும் மாற்ற முடியவில்லை, போஸ்டரில் போட்டுவிட்டார்கள்.

நான் உங்களை மாதிரி ஆய்வு மாணவியாக இருந்தபோது பொன்மலை ரயில்வே பட்டறையில் ஷிப்ட் விடுகிற நேரத்தில் போய் நிற்பேன். சைக்கிள்கள் வெள்ளம் மாதிரி வரும். அதில் ஒருவரை நிறுத்தி, “வேலையில உங்களுக்கு அழுத்தம் எவ்வளவு இருக்குங்க?” என்று கேட்டேன். இங்கிலீஷில் இருந்த வார்த்தைக்கு அகராதி பார்த்துக் கண்டுபிடித்த தமிழ் அது. அவர் இறங்கி, சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை நீட்டினார். போன தடவை கொஞ்சம் கூடுதலாக இருந்தது, உப்பைக் குறைத்திருக்கிறேன், இப்போது பாருங்கள் என்றார். அவருக்குப் பின்னால் இரண்டு மூன்று பேர் கையை மடித்துக்கொண்டு வரிசையில் நின்றுவிட்டார்கள். ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி என்னிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. நாடி பிடித்துப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பினேன்.

எனக்கு வழிகாட்டியாக இருந்தவரிடம் வந்து இதைச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. “கேள்வி தப்பா இருந்தாலும் பதில் வரும்மா. ரொம்ப அழகா வரும். அதான் இந்தத் தொழில்ல ஆபத்து” என்றார். நல்ல வாக்கியமாக இருக்கிறதே என்று குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டதோடு சரி. அதற்கு அர்த்தம் புரிய எனக்கு ரிட்டையர் ஆகும் வயசு வரவேண்டியிருந்தது.

அந்தக் கடைசி வருஷம்தான் தென்னூர்ப் பக்கத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. அதை நடத்துகிற பெரிய டாக்டர் புதிதாகப் பச்சைக்குழந்தைகளுக்கு ஒரு வார்டு திறக்க இருந்தார். இருக்கிற நர்சுகளில் நல்லவர்களை அங்கே மாற்ற வேண்டும், ஆனால் மாற்றிப் பயிற்சி கொடுத்த பிறகு அவர்கள் வேலையை விட்டுப் போய்விட்டால் என்ன செய்வது? போவார்களா, இருப்பார்களா, அதைக் கண்டுபிடித்துச் சொல்லுங்கள் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷம் வகுப்பில் பேசியதை முதல்முறையாக வெளியே ஒருவர் கேட்கிறார்.

அங்கே நர்சுகளுக்கெல்லாம் தலைவி மெஹருன்னிசா. மெஹர் சிஸ்டர் என்பார்கள். கனத்த குரல், நடந்து வந்தால் வார்டே எழுந்து நிற்கும். முதல் நாளே என்னைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொல்லிவிட்டார். அவருக்கு ஒரே மகள், ஷார்ஜாவில் இருக்கிறாள், தலைப்பிரசவம். இங்கே வந்து பெற்றுக்கொள்வதாகத்தான் இருந்தது. அங்கே இருக்கிற டாக்டர், உடம்பு இருக்கிற நிலையில் விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். மகள் தினமும் போனில் அழுகிறாள். பெரிய டாக்டரிடம் லீவு கேட்டால், நர்சுகள் நிலையாக இருப்பார்கள் என்று தெரிந்தால் போய் வாருங்கள், இல்லாவிட்டால் புது வார்டு திறக்கிற நேரத்தில் உங்களை விட முடியாது என்கிறார். “உங்க ரிப்போர்ட்ல தான் மேடம் இருக்கு” என்றார் மெஹர் சிஸ்டர். அவ்வளவு பெரிய குரல் அப்போது எங்கே போனதோ தெரியவில்லை.

நான் வழக்கம்போல வெளிநாட்டுக் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழாக்கினேன். ‘நான் இந்த நிறுவனத்தை விட்டுப் போக எண்ணுகிறேன்.’ எதிரே ஐந்து கட்டம், முழுக்க ஒத்துக்கொள்கிறேன் என்பதிலிருந்து அறவே மறுக்கிறேன் என்பது வரைக்கும். எல்லோரும் மறுத்தார்கள். கட்டத்துக்குள் டிக் போடச் சொன்னால் சிலர் பேனா அழுந்தக் கட்டத்தையே ரொப்பி வைத்திருந்தார்கள். நேரில் கேட்டாலும், “எங்க மேடம் போகப்போறோம்” என்று சிரித்தார்கள். அதிலும் பவித்ரா என்று ஒரு பெண், இந்த ஆஸ்பத்திரிதான் எனக்குத் தாய் வீடு என்று எழுதியிருந்தாள். ஒருவரும் போகமாட்டார்கள் என்று ரிப்போர்ட் கொடுத்தேன். மெஹர் சிஸ்டர் பூந்தி வாங்கி வந்து வார்டெல்லாம் கொடுத்தார், டிக்கெட்டும் போட்டுவிட்டார்.

ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்குப் போன பவித்ரா திரும்பி வரவில்லை.

மெஹர் சிஸ்டர் போன் செய்ததும் ஸ்ரீரங்கத்திலிருந்து அடித்துப்பிடித்துக் கிளம்பினேன். காவிரிப் பாலத்தில் பஸ் நகரவே இல்லை, அந்த நேரமெல்லாம் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் மூச்சு வாங்க நின்று, “பவித்ரா போயிட்டாங்களாமே?” என்றேன். அங்கே உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு முகம் மாறிவிட்டது. எழுந்து நின்று, என் கையைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, “எந்த வார்டும்மா? நீங்க அம்மாவா?” என்று கேட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரியில் போயிட்டாங்க என்றால் ஒரே அர்த்தம்தானே! நம் வீடுகளிலேயே வாசல் படியில் நின்று போறேன் என்று யாராவது சொல்லுவோமா? கோபத்தில் வாய் தவறிச் சொன்னால்கூட, போறேன்னு சொல்லாதே, வரேன்னு சொல்லு என்று இழுத்துப் பிடித்துத் திருத்துவார்கள். ஊரை விட்டே போகிறவனும் போயிட்டு வரேன் என்றுதான் சொல்கிறான். அப்படிப்பட்ட ஊரில், சாவைத் தினமும் பார்க்கிற பெண்களிடம் பேப்பரைக் கொடுத்து, போறேன் என்று டிக் போடச் சொல்லியிருக்கிறேன் நான். யார் போடுவார்கள்? என் வழிகாட்டி சொன்ன மாதிரியே பதில் ரொம்ப அழகாகத்தான் வந்திருந்தது.

பவித்ராவுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வேலையிலிருந்து நின்றுவிட்டார்கள். பெரிய டாக்டர் மெஹர் சிஸ்டரின் லீவை நிறுத்தி வைத்தார். இனி யார் யார் போவார்கள் என்று ஒழுங்காகக் கண்டுபிடித்துக் கொடுத்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்று எனக்கும் சொல்லி அனுப்பினார். மெஹர் சிஸ்டர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம், அதைத் தாங்கிக்கொண்டிருப்பேன். டிக்கெட்டை கேன்சல் செய்யட்டுமா, வைத்திருக்கட்டுமா என்று மட்டும் கேட்டார். வைத்திருங்கள் என்று சொன்னேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்று வரைக்கும் தெரியாது.

சரி, வேறு எப்படிக் கேட்பது? ஒன்றும் தோன்றவில்லை. அந்த வாரம் நம் துறையில் டைம்டேபிள் போடுகிற மீட்டிங். இங்கே இருக்கிற மூத்தவர்களுக்குத் தெரியும், டைம்டேபிள் என்றால் நான் சண்டைக்காரி. ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவளுக்கு முதல் பீரியட் போடக் கூடாது, சனிக்கிழமை போடக் கூடாது, மாடியில் போடக் கூடாது. வருஷா வருஷம் இதே கச்சேரிதான். அன்று உங்கள் அப்போதைய தலைவர் கொஞ்சம் பயத்தோடு, “மேடம், உங்களுக்கு எது சௌகரியம்?” என்று கேட்டார். “எது போட்டாலும் சரிங்க” என்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவர் என் காதில், “உடம்பு கிடம்பு சரியில்லையா?” என்றார்.

உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த பருவம் பாதியில் நான் ரிட்டையர் ஆகிறேன், எந்த பீரியட் யாருக்குப் போனால் எனக்கென்ன? நினைத்த மாத்திரத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போகப் போகிறவள் சண்டை போடுவதில்லை. இருக்கப் போகிறவள்தான் சண்டை போடுவாள். இதைக் கண்டுபிடிக்க நான் எந்த வார்டுக்கும் போயிருக்க வேண்டாம். என் வாயிலேயே இருந்திருக்கிறது. மீட்டிங் முடிவதற்குள் எழுந்து ஓடினேன், அதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே வயிறு சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

நேரே மெஹர் சிஸ்டரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் எப்படியும் வைகுண்ட ஏகாதசி, பொங்கல் சமயத்து டூட்டி போட்டாக வேண்டும். ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டு எந்த நாள் வேண்டும், எந்த நாள் வேண்டாம் என்று கேளுங்கள், நான் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன் என்றேன். டூட்டி எப்படிப் பிரிக்கிறார்கள் என்று படிக்க வந்திருக்கிறேன் என்றுதான் பெண்களிடம் சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகு அவர்கள் எல்லோரையும் உட்காரவைத்து, உங்கள் பேச்சிலிருந்து நான் இன்னதைத்தான் பார்த்தேன், யாருக்குப் பிடிக்கவில்லையோ சொல்லுங்கள், அவர்கள் பேச்சை விட்டுவிடுகிறேன், யார் பெயரும் இந்த அறையைத் தாண்டாது என்றும் சொன்னேன். இதை நீங்கள் விட்டுவிடாதீர்கள். இதை விட்டால் நாம் ஒட்டுக் கேட்கிறவர்கள், அவ்வளவுதான்.

முதலில் வந்தவள் தனலட்சுமி, உப்பிலியபுரம் பக்கத்துப் பெண். ஆஸ்பத்திரிக்கே தலைவலி என்று அவளுக்குப் பெயர். மாட்டுப் பொங்கல் அன்று நான் ஊரில் இருந்தே ஆகவேண்டும், போன வருஷம் நான் விட்டுக்கொடுத்தேன், இந்த வருஷம் வேறு யாராவது விட்டுக்கொடுக்கட்டும் என்று ஆரம்பித்தாள். அதோடு விட்டாளா? நைட் டூட்டி ரூமில் ஜன்னல் கதவைச் சாத்த முடியவில்லை, கொசு பிடுங்குகிறது, அடுத்த மழைக்காலத்துக்குள் சரி செய்யுங்கள் என்றாள். மெஹர் சிஸ்டர் நெற்றியைத் தடவிக்கொண்டார். எனக்கு அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த மழை என்கிறாள் பாருங்கள்!

அதற்கப்புறம் வந்தவர்களில் சிலர் சண்டை போட்டார்கள், சிலர் கெஞ்சினார்கள். சிலர் மட்டும் இனிமையாகச் சிரித்து, “நீங்க எது போட்டாலும் சரி சிஸ்டர்” என்றார்கள். ஒவ்வொருத்தி அப்படிச் சொல்லிவிட்டுப் போகும்போதும் மெஹர் சிஸ்டரின் முகம் வாடிக்கொண்டே வந்தது. புது வார்டுக்கு என்று அவர் பொறுக்கி வைத்திருந்த தங்கப் பிள்ளைகள் அவர்கள்தான். கடைசிப் பெண் கதவைச் சாத்திவிட்டுப் போனதும் என்னைப் பார்த்தார்.

“அப்ப நான் என் புள்ளகிட்ட போக முடியாது. அப்படித்தானே மேடம்?”

நாலு பேர் மெச்ச ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று உள்ளே ஒரு சந்தோஷம் ஓடிக்கொண்டிருந்ததே, அதை நினைத்து எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

பெரிய டாக்டரிடம் போனேன். புது வார்டுக்கு வெளியிலிருந்து ஆள் எடுங்கள், எடுத்த பிறகு திறங்கள், இருக்கிறவர்களை நம்பித் திறக்காதீர்கள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெயர்களைக் கொடுங்கள் என்றார். கொடுத்தால் மெஹர் சிஸ்டர் அடுத்த விமானத்தில் போகலாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். வேலையை விட்டுப் போக முடியாதபடி ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவது பல இடங்களில் நடக்கிறதுதான்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. ஒரு பக்கம் ஷார்ஜாவில் அழுகிற பெண், இன்னொரு பக்கம் சிரித்ததைத் தவிர வேறு குற்றம் செய்யாத பெண்கள். ஏசி அறையில் வேர்த்துக் கொட்டியது. “சார், அவங்க போவாங்கன்னு எனக்குத் தெரியாது. சண்டை போடலங்கிறதுதான் தெரியும். அதுக்குப் பேர் குடுக்க மாட்டேன்” என்றேன். இதற்கு மேல் தொழில் தர்மம் பற்றி நெருப்பாக நாலு வாக்கியம் சொன்னதாக வீட்டில் கதை அளந்திருக்கிறேன். அந்த நாலு வாக்கியமும் திரும்பி வரும்போது பஸ்ஸில் தோன்றியவை. அறைக்குள் சொன்னது இவ்வளவுதான், அதற்கே இரண்டு முறை தண்ணீர் குடித்தேன்.

“அப்ப சிஸ்டருக்கு லீவு இல்ல மேடம். அவங்க இடத்துல யாரை நம்பி நிறுத்தறது?”

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன் என்று சொல்ல ஆசைதான். இல்லை. அறைக்குள் வரும் முன்னால் தனலட்சுமி என்னை வழிமறித்து, ஜன்னல் விஷயத்தையும் ரிப்போர்ட்டில் போடுங்கள், என் பெயரைப் போட்டே எழுதுங்கள், எனக்கென்ன பயம் என்று சொல்லியிருந்தாள். அது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

“போறவங்க பேரைச் சொல்ல மாட்டேன் சார். இருக்கப்போறவங்க ஒருத்தங்க பேரைச் சொல்லலாம், அவங்களே அனுமதி குடுத்துட்டாங்க. தனலட்சுமி.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அந்தப் பொண்ணா? வாரம் ஒரு கம்ப்ளெயின்ட் எழுதுதே.”

“அதனாலதான் சார். இருக்கப்போற வீட்டுக்குத்தானே ஓடு மாத்தச் சொல்லுவாங்க.”

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு மணி அடித்துத் தனலட்சுமியைக் கூப்பிட்டார். மெஹர் சிஸ்டர் வரும் வரைக்கும் பொறுப்பைப் பார்த்துக்கொள்வாயா என்று கேட்டார். அவள் உடனே சரி என்று சொல்லிவிடுவாளோ என்று எனக்கு உயிரே போனது. நல்லவேளை, சொல்லவில்லை. ஜன்னல், கொசுவலை, மாட்டுப் பொங்கல் லீவு, எழுத்தில் ஒரு ஆர்டர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு டாக்டரோடு மல்லுக்கட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுதான் தலையாட்டினாள். மெஹர் சிஸ்டருக்கு லீவு கிடைத்தது. புது வார்டு தள்ளிப்போயிற்று.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். எது போட்டாலும் சரி என்று சொன்னவர்களில் பெரும்பாலோர் பொங்கலோடு நின்றுவிட்டார்கள். யாருக்கோ கவர்மெண்ட் வேலை, யாருக்கோ கல்யாணம், யாருக்கோ வளைகுடா. ஆனால் அவர்களில் ஒரு பெண் இன்றும் அங்கேதான் இருக்கிறாள். அவள் சுபாவமே அப்படி, சண்டை என்றால் ஆகாது. நான் பெயர்களைக் கொடுத்திருந்தால் அவள் சர்டிபிகேட்டும் பீரோவுக்குப் போயிருக்கும். என் மகா கண்டுபிடிப்பின் லட்சணம் அவ்வளவுதான். அளவுகோலையும் மனுஷியையும் ஒன்று என்று குழப்பிக்கொள்ளாதீர்கள்.

மெஹர் சிஸ்டரை வழியனுப்ப நானும் ஏர்போர்ட்டுக்குப் போனேன். பிரசவ மருந்து, நெய், குழந்தைக்குப் பழைய வேட்டியில் தைத்த துணிகள் என்று இரண்டு பெட்டி கட்டியிருந்தார். சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் விடைபெற்றுவிட்டு என்னிடம் வந்தார். முகம் ஜொலித்தது. “போயிட்டு வரேன் மேடம்” என்றார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பேரப்பிள்ளையைப் பார்த்த பிறகு இந்த அம்மா எதற்காகத் திரும்பி வரப்போகிறார்? வராவிட்டால் தனலட்சுமியிடம், டாக்டரிடம், நான் என்ன சொல்வேன்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“எப்ப சிஸ்டர்?”

“புள்ளைக்கு நாப்பது நாள் முடிஞ்சதும் வந்துருவேன், இன்ஷா அல்லாஹ்” என்று சொல்லிவிட்டு நாலடி நடந்தார். பிறகு என்ன தோன்றியதோ, பெட்டித் தள்ளுவண்டியை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார். “மேடம், அந்தத் தனலட்சுமிகிட்ட சொல்லிவைங்க. என் மேஜையில உக்காரட்டும், ஆனா டிராயர்ல இருக்கறத மாத்தி வைக்கக் கூடாது. ரம்ஜான் லீவ இப்பவே எனக்கு எழுதி வெக்கச் சொல்லுங்க. அவ விட்டா எல்லாத்தையும் சுருட்டிக்குவா.”

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. இனி நாற்பதாம் நாளைக்கூட எண்ணத் தேவையில்லை, வந்துவிடுவார் என்று தெரிந்துவிட்டது. வந்தும்விட்டார். வந்த அன்றே டிராயரைத் திறந்து பார்த்துத் தனலட்சுமியோடு பெரிய சண்டை.

ஆக, வாய்ப்புகள் பற்றிக் கேட்டீர்கள். நம் ஊர் ஆபீசுகளில் போயிட்டு வரேன் என்கிறார்கள், பாத்துக்கலாம் என்கிறார்கள், அட்ஜஸ்ட் பண்ணிக்கறேன் என்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு பி.எச்.டி. அகராதியில் தேடாதீர்கள், சொல்கிறவர்கள் அடுத்த நிமிஷம் என்ன கேட்கிறார்கள் என்று காது கொடுங்கள்.

உங்கள் தலைவர் காலையில் மைக்கைச் சரிபார்த்தபோதே என்னிடம், அடுத்த வருஷமும் வரவேண்டும், எந்தத் தேதி வைக்கலாம் என்று கேட்டார். வழக்கம்போல வெள்ளிக்கிழமை வேண்டாம், மத்தியானம் வேண்டாம், இந்த மைக் இரைகிறது, மாற்றி வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அவர் அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொள்ளட்டும். என்றைக்காவது அவர் தேதி கேட்டு, நான் “உங்க சௌகரியம் போல வைங்க” என்று சொன்னதாகக் கேள்விப்பட்டால், பிள்ளைகளே, பேச்சை ஏற்பாடு செய்துகொண்டிருக்காதீர்கள். உடனே பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்கு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போங்கள்.